முதலில் துடை, அப்புறம் தேடு

தங்க ஆலைக்குப் பெரிய எதிரி யார்? திருடன் என்பீர்கள். பாதி சரி. ஆனால் திருடன் சுவர் ஏறிக் குதிக்க வேண்டும், காவலாளி கண்ணில் படாமல் தப்ப வேண்டும். இந்தத் தொல்லை எதுவும் இல்லாமல் தங்கத்தைத் தண்ணீரோடு அனுப்பிவிடுகிற ஆசாமி ஒருவர் ஆலைக்குள்ளேயே இருந்தார். அவர் பெயர் எண்ணெய்ச் சொட்டு!

கர்நாடகத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது கோலார் தங்கவயல். ஊர்க்காரர்கள் கேஜிஎஃப் என்றே சொல்வார்கள். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்க வேலையைத் தொடங்கியது. வடஆற்காடு பக்கத்திலிருந்து கூட்டம் கூட்டமாகத் தமிழர்கள் வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். பூமிக்குள்ளிருந்து வெட்டி எடுத்த பாறையை மேலே கொண்டுவந்து ஆலையில் கொட்டுவார்கள். கனமான இரும்பு உலக்கைகள் வரிசையாக நின்று இரவும் பகலும் அதை இடித்து மாவாக்கும். அந்த மாவைத் தண்ணீரில் கரைத்து, பாதரசம் பூசிய செம்புத் தகடுகள் மேல் ஓடவிடுவார்கள். பாதரசத்துக்குத் தங்கம் என்றால் உயிர். பாறைத்தூளை விட்டுவிட்டுத் தங்கத் துகளை மட்டும் பிடித்துக்கொள்ளும்.

இங்கேதான் எண்ணெய் வில்லனாக வருகிறது. இயந்திரத்தின் பேரிங்கிலிருந்து எண்ணெயோ கிரீஸோ தகட்டின் மேல் விழுந்தால், பாதரசத்தின் மேல் ஒரு மெல்லிய படலம் படிந்துவிடும். தங்கத் துகள் மேலும் அதே படலம். இரண்டும் ஒன்றையொன்று தொடவே முடியாது. தங்கம் பாட்டுக்கு மணலோடு மணலாக வெளியே போய்விடும். அதனால்தான் தங்கம் பிரிக்கிற ஆலைகளில் எண்ணெய்க் கசிவு என்றால் எல்லோருக்கும் கிலி.

சுமார் 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் கொடுத்த அந்தச் சுரங்கங்களை 2001 பிப்ரவரி 28 அன்று மூடிவிட்டார்கள். ஆனால் ஊரில் இயந்திரச் சத்தம் ஓயவில்லை. 1964இல் தொடங்கிய பெமல் தொழிற்சாலை இன்றும் அங்கே புல்டோசர்களும் மண் தோண்டும் இயந்திரங்களும் செய்கிறது. ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டைத் தெருக்களில் கார் ஒர்க்‌ஷாப்புகள் இருக்கின்றன. தங்க ஆலையில் பார்த்த அதே எண்ணெய்ச் சொட்டைத் துரத்திக்கொண்டு இப்போது அப்படி ஒரு ஒர்க்‌ஷாப்புக்குள் போவோம்.

அதற்கு முன்னால், கார் என்ஜினுக்கு எண்ணெய் எதற்கு என்று பார்த்துவிடலாம். என்ஜினுக்குள் பிஸ்டன்கள் மேலும் கீழும் பாய்கின்றன. அவற்றோடு கிராங்க் என்னும் கனமான தண்டு நிமிடத்துக்கு 2000, 3000 முறை சுற்றுகிறது. இரும்பு இரும்போடு நேராக உரசினால் சூடேறி, சில நிமிடங்களிலேயே ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு நின்றுவிடும். மெக்கானிக்குகள் இதை ‘என்ஜின் சீஸ்’ என்பார்கள். அது நடக்காமல் இருக்க, நடுவில் ஒரு எண்ணெய்ப் படலம் எப்போதும் இருக்க வேண்டும். என்ஜினின் அடியில் ‘சம்ப்’ என்று ஒரு தொட்டி. அதில் எண்ணெய் தேங்கியிருக்கும். ஒரு பம்ப் அதை உறிஞ்சி, ஃபில்டர் வழியாகத் தள்ளி, குறுகிய துளைகள் வழியே என்ஜின் முழுவதும் அனுப்புகிறது. வேலை முடிந்த எண்ணெய் வழிந்து மறுபடி சம்ப்புக்கே வந்து சேரும்.

பம்ப் தள்ளுகிற இடத்தில் அழுத்தம் அதிகம். வண்டி வேகமாக ஓடும்போது கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைவிடக்கூட அதிகமாக இருக்கும். என்ஜினின் உச்சியில் மூடியிருக்கும் டேப்பெட் கவர், அடியில் இருக்கும் சம்ப் ஆகிய இடங்களில் அழுத்தம் கிடையாது. அங்கே எண்ணெய் தெறிக்கும், வழியும், அவ்வளவுதான். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் சர்ரென்று பீறிட்டால் ஃபில்டர் பக்கமோ, எண்ணெய் அழுத்தம் காட்டும் ஸ்விட்ச் பக்கமோ சந்தேகப்படலாம். மெல்ல மெல்லக் கசிந்து அழுக்குப் பிடித்திருந்தால் பெரும்பாலும் மூடிகளின் இடுக்கை அடைக்கும் பேக்கிங்தான்.

சொட்டுச் சொட்டாகப் போனால் என்ன குடியா முழுகிவிடும் என்று கேட்கலாம். கணக்குப் போடுவோம். தண்ணீர் என்றால் ஒரு மில்லி லிட்டருக்குச் சுமார் 20 சொட்டு. எண்ணெயின் பரப்பு இழுவிசை தண்ணீருடையதில் பாதிகூட இல்லை. அதனால் எண்ணெய்ச் சொட்டு பெரிதாக வளர்வதற்குள் அறுந்து விழுந்துவிடும். ஒரு மில்லி லிட்டருக்கு 40 சொட்டு என்று வைத்துக்கொள்வோம். பத்து நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஒரு நாளைக்கு 8640 சொட்டு. அதாவது 216 மில்லி லிட்டர். ஒரு சின்னக் காரில் இருக்கும் எண்ணெயே மூன்று லிட்டர் போலத்தான். இரண்டு வாரத்தில் சம்ப் காலி! நின்றிருக்கும் வண்டியில் இவ்வளவு வேகமாகச் சொட்டாது என்பது வேறு விஷயம். ஓடும் வண்டியில் இதைவிட வேகமாகவும் போகலாம்.

இப்போது ஒர்க்‌ஷாப். ஒரு பழைய மாருதி 800 நிற்கிறது. அதன் சொந்தக்காரர் முகம் வாடியிருக்கிறது. வேறொரு இடத்தில் சம்ப் பேக்கிங்கை மாற்றினார்களாம். ஒரு வாரத்தில் மறுபடி ஒழுகல். இன்னொருவர் வண்டிக்குக் கீழே எட்டிப் பார்த்துவிட்டு, “கிராங்க் பேக் ஆயில் சீல் போயிருச்சு, கியர்பாக்ஸை எறக்கணும்” என்றாராம். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவது ஒரு முழு நாள் வேலை. செலவும் கூடுதல். அப்பாவோடு வந்திருந்த மகள் ஏழாம் வகுப்பு. அவள் நேராகக் கேட்டாள்:

“அங்கிள், எங்க ஒழுகுதுன்னு கீழ பாத்தாலே தெரியாதா?”

ஒர்க்‌ஷாப் மாஸ்டர் சிரித்தார். அவருடைய அப்பா சுரங்கத்தில் ஃபிட்டராக இருந்தவர். இவர் அவரிடம் ஸ்பானர் பிடிக்கக் கற்றவர்.

“உங்க தாத்தா காலத்து லைன் வூடு தகரக் கூரை பாத்துருக்கியா பாப்பா? மழைத்தண்ணி சட்டத்துமேலயே ஓடி வந்து கட்டில்மேல சொட்டும். ஓட்டை இருக்கறது அடுப்பாங்கரைகிட்ட. எண்ணெயும் அப்படித்தான். சொட்டற எடத்தப் பாக்காத. நனைஞ்சிருக்கற எடத்துலயே ஒசரமான எடம் எதுன்னு பாரு.”

எனக்குத் தெரிந்து எண்ணெய்க் கசிவைப் பற்றிச் சொல்லப்பட்டதில் உருப்படியான வாக்கியம் இதுதான். எண்ணெய் எப்போதும் கீழ்நோக்கி ஓடும், அது புவியீர்ப்பின் வேலை. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆக, சொட்டு விழும் இடத்துக்கு மேலேயும் முன்னாலேயும்தான் ஓட்டை இருக்க வேண்டும். மேலும், எண்ணெய் உலோகத்தின் மேல் ஒட்டிப் பரவுகிற பேர்வழி. ஒரு இடுக்கு கிடைத்தால் உள்ளே புகுந்து, போல்ட்டின் மரை வழியே நடந்து, வேறெங்கோ போய்த் தலை காட்டும்.

அந்த வண்டியின் என்ஜினைப் பார்த்தால் எந்த இடம் நனைந்தது, எந்த இடம் காய்ந்தது என்று சொல்லவே முடியவில்லை. எல்லா இடத்திலும் எண்ணெயும் புழுதியும் கலந்து கறுப்புத் தார் மாதிரி அப்பியிருந்தது. தங்கவயலில் புழுதிக்குப் பஞ்சமில்லை. தங்கம் எடுத்தபின் கொட்டிய பாறை மாவு மூன்று கோடி டன்னுக்கு மேல் மலை மலையாகக் குவிந்து கிடக்கிறது. ‘சயனைட் மேடு’ என்பார்கள். காற்றடிக்கிற காலத்தில் அந்த வெள்ளைத் தூள் ஊருக்குள் பறக்கும். எண்ணெய்ப் பசை உள்ள இடத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

மாஸ்டர் தேடவில்லை. துடைத்தார். என்ஜின் ஆறியிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டார். தீப்பொறிக்கான மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரையும் மின்கம்பி முனைகளையும் பிளாஸ்டிக் பையால் மூடினார். டீசலில் பிரஷ்ஷைத் தோய்த்து மேலிருந்து கீழாகத் தேய்த்தார். கழுவினார், துணியால் ஒற்றி எடுத்தார், காற்றடித்துக் காய வைத்தார். இதற்கே ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். வண்டிக்காரர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார்.

துடைப்பதும் தேடுவதில் ஒரு பகுதிதான். பழைய அழுக்கு இருக்கும்வரை புதுக் கசிவு கண்ணில் படாது. இதே யோசனையை இதே ஊரில் உலகப் புகழ் பெற்ற ஒரு பரிசோதனைக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். நியூட்ரினோ என்று ஒரு மிகச் சிறிய துகள். பெரும்பாலும் எதன் மேலும் மோதாமல் பூமியையே ஊடுருவிப் போகும். அதைப் பிடிக்கக் கருவி வைத்தால், வானிலிருந்து மழையாகப் பொழியும் மற்றத் துகள்கள் கருவியை நிறைத்துவிடும். எது நியூட்ரினோ, எது வேறு என்று தெரியாது. அதனால் மும்பையின் டாட்டா ஆராய்ச்சி நிலையமும், ஜப்பானின் ஒசாகா நகர, இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, தங்கவயல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவியை வைத்தன. மேலே இருந்த பாறை, தேவையில்லாத துகள்களையெல்லாம் துடைத்து எடுத்துவிட்டது. 1965இல் காற்றுமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோக்களின் அடையாளத்தை அங்கே கண்டார்கள். உலகிலேயே முதலில் கண்டவர்களில் அவர்களும் சேர்த்தி. டீசல் பிரஷ்ஷும் 2.3 கிலோமீட்டர் பாறையும் செய்த வேலை ஒன்றுதான்.

என்ஜின் பளிச்சென்று ஆனதும் மாஸ்டர் அலமாரியிலிருந்து எடுத்தது சாதாரண முகப் பவுடர் டப்பா! டேப்பெட் கவரின் விளிம்பு, டிஸ்ட்ரிபியூட்டரின் அடி, கியர்பாக்ஸ் சேரும் இடம், சம்ப் ஓரம் எல்லாவற்றிலும் லேசாகத் தூவினார். சிறுமி ‘களுக்’கென்று சிரித்துவிட்டாள். வண்டியை ஆண்டர்சன்பேட்டை வரை ஓட்டிப் போய் வந்தார்கள். சூடான எண்ணெய் இளகி ஓடும், அழுத்தமும் ஏறும். குளிர்ந்த என்ஜினில் ஒளிந்திருக்கும் கசிவு அப்போதுதான் வெளியே வரும்.

பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தார்கள். டேப்பெட் கவர் ஓரத்தில் பவுடர் வெள்ளையாகவே இருந்தது. சம்ப் ஓரத்திலும் அப்படியே. டிஸ்ட்ரிபியூட்டர் பொருந்தியிருக்கும் இடத்தின் அடியில் மட்டும் பிறைநிலா வடிவில் ஈரம். அங்கிருந்து ஒரு மெல்லிய பழுப்புக் கோடு கீழே இறங்கி, கியர்பாக்ஸின் மேல் ஓடி, என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்குள் புகுந்து மறைந்தது. கீழேயிருந்து பார்ப்பவருக்கு அது கிராங்க் ஆயில் சீல் கசிவு போலவே தெரியும். நிஜக் குற்றவாளி, டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றி இருக்கும் ஒரு சின்ன ரப்பர் வளையம். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது. அதைக் கழற்றிச் சிறுமியின் கையில் கொடுத்தார். வளைத்துப் பார்த்தாள். ‘டக்’கென்று உடைந்துவிட்டது. புது வளையமோ ஜவ்வு மாதிரி இழுபட்டது.

வேலை முடிய அரை மணி. டிஸ்ட்ரிபியூட்டர் முன்பு எந்தக் கோணத்தில் நின்றது என்று கழற்றுவதற்கு முன்பே மாஸ்டர் கோடு கீறி வைத்திருந்தார். அதே கோட்டில் திருப்பி உட்கார வைக்காவிட்டால் தீப்பொறி நேரம் மாறி வண்டி இடக்குப் பண்ணும்.

அந்த வளையத்துக்கு ‘ஓ ரிங்’ என்று பெயர். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன் என்பவர் இதற்கு 1939இல் காப்புரிமை பெற்றார். இரண்டு உலோகப் பகுதிகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் ரப்பர் வளையம் உட்கார்ந்திருக்கும். எண்ணெய் அழுத்தினால் வளையம் இடுக்குப் பக்கமாகத் தள்ளப்பட்டு இன்னும் இறுக்கமாக அடைக்கும். எதிரி தள்ளத் தள்ளக் கதவு நன்றாகச் சாத்திக்கொள்கிறது! ஆனால் ரப்பருக்கு நெகிழ்வு இருக்கும்வரைதான் இந்த ஜாலம். பல ஆண்டுகள் என்ஜின் சூட்டில் வெந்தால் அது இறுகி, வெடித்துவிடும்.

சூடு மட்டுமல்ல, குளிரும் ரப்பரைக் கெடுக்கும். 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73 நொடியில் சிதறி, ஏழு பேர் இறந்தார்கள். பக்கத்து ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ஓ ரிங்குகள் அன்றைய கடும் குளிரில் விறைத்துப்போய், சூடான வாயுவைக் கசியவிட்டதே காரணம். விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன், எல்லோர் முன்னிலையிலும் அந்த ரப்பர்த் துண்டை ஒரு பிடிகருவியில் இறுக்கி, ஐஸ் தண்ணீர் இருந்த கிளாஸில் போட்டு எடுத்தார். பிடியைத் தளர்த்தியதும் ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. அந்த ஒரு கிளாஸ் தண்ணீர் பெரிய பெரிய அறிக்கைகளைவிடத் தெளிவாகப் பேசிவிட்டது.

சரி, நம் மாருதியில் தப்பித்த கிராங்க் ஆயில் சீல் என்ன செய்கிறது? சுற்றிக்கொண்டே இருக்கும் தண்டு என்ஜினுக்கு வெளியே வர வேண்டும், எண்ணெய் மட்டும் வரக்கூடாது. அந்தக் காவல் வேலை அதனுடையது. அதன் ரப்பர் உதடு, ஒரு மெல்லிய சுருள் கம்பியின் பிடியில், தண்டைத் தொட்டபடி நிற்கும். நான்கு சென்டிமீட்டர் தடிமனான தண்டு நிமிடத்துக்கு 3000 முறை சுற்றினால், அந்த உதட்டின் கீழே உலோகம் மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. பெங்களூருக்கு ஒருமுறை போய்வந்தால் அந்த உதடு எவ்வளவு தேயும் என்று நினைத்துப் பாருங்கள். கொஞ்சமும் எண்ணெயே இல்லாமல் உலர்ந்து உரசினால் சீல் கருகிவிடும். அதனால் உதட்டுக்கும் தண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் ஒன்று இருந்தே தீர வேண்டும். ஆயில் சீல் எண்ணெயைத் தடுக்கிறது, கொஞ்சம் எண்ணெயை வைத்துக்கொண்டுதான் தடுக்கிறது.

அந்தக் காலத்தில் இந்தச் சீல்களைத் தோலில் செய்தார்கள். எண்ணெய் பட்டாலும் ஊறிக் கெடாத செயற்கை ரப்பர் 1930களில்தான் வந்தது. நம் ஊர் அம்பாசடர் காரின் 1489 சிசி பெட்ரோல் என்ஜினில் கதையே வேறு. பிரிட்டிஷ் பிஎம்சி கம்பெனியின் வடிவமைப்பு அது. கிராங்க்கின் பின்பக்கத்தில் ரப்பர் சீலே கிடையாது! தண்டின் மேல் திருகுபோல ஒரு மரை வெட்டியிருப்பார்கள். தண்டு சுற்றும்போது அந்த மரை வெளியே வரப் பார்க்கும் எண்ணெயைத் திருப்பி உள்ளே தள்ளிவிடும். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் வண்டி நின்றால் மரையும் நின்றுவிடும், எண்ணெய் கசிய வழி கிடைத்துவிடும். அம்பாசடர் நின்ற இடத்தில் கறுப்புப் பொட்டு இருந்தது என்று தாத்தாக்கள் சொல்வது சும்மா இல்லை.

மூடிகளுக்கு நடுவே வைக்கும் பேக்கிங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு உலோகப் பரப்புகள் கண்ணுக்கு வழவழப்பாக இருந்தாலும் நுண்ணோக்கியில் மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். கார்க், ரப்பர், காகிதம் இவற்றில் செய்த பேக்கிங் நசுங்கி அந்தப் பள்ளங்களை நிரப்புகிறது. ஒழுகினால் போல்ட்டை இன்னும் இறுக்கு என்பதுதான் பலருக்கும் தெரிந்த ஒரே வைத்தியம். அது பாதி நேரம் நோயை வளர்க்கும். அதிகம் இறுக்கினால் பேக்கிங் பிதுங்கிக் கிழியும். சம்ப் விளிம்பு வளையும். அலுமினியத்தில் மரை உரிந்துவிடும். நல்ல மெக்கானிக் நடுவிலிருந்து தொடங்கி, எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவார். சிலிகான் பேஸ்டை அள்ளி அப்புவதும் அதே ரகம். உள்பக்கம் பிதுங்கியது உடைந்து சம்ப்பில் விழுந்து, பம்ப்பின் சல்லடையை அடைத்தால், ஒழுகல் நின்றுவிடும், என்ஜினும் நின்றுவிடும்.

எந்தச் சீலை மாற்றினாலும் அடுத்த மாதம் வேறொரு இடத்தில் ஒழுகுகிறதா? அப்போது சீல்களைத் திட்டக்கூடாது. பிஸ்டன் ஓரமாகக் கொஞ்சம் வாயு எப்போதும் என்ஜினின் கீழ்ப்பகுதிக்கு இறங்கும். அது வெளியேற ‘பிரீதர்’ என்று ஒரு குழாய் உண்டு. அது அழுக்கில் அடைத்துப்போனால் உள்ளே காற்று கட்டும். கட்டிய காற்று எண்ணெயை எங்கே இளப்பமோ அங்கே தள்ளும். குழாயைச் சுத்தம் செய்தால் போதும், பாதிக் கசிவு தானே அடங்கும்.

பவுடருக்குச் சிக்காத கசிவு என்றால் இன்னொரு வித்தை இருக்கிறது. ஒளிரும் சாயம் ஒன்றை எண்ணெயில் கலந்து வண்டியை ஓட்டிவிட்டு, புற ஊதா விளக்கை அடித்துப் பார்ப்பார்கள். கசிவுள்ள இடம் மஞ்சள் பச்சையாக ஜொலிக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒளியை வாங்கிக்கொண்டு தெரியும் ஒளியாகத் திருப்பித் தருவதுதான் அந்தச் சாயத்தின் குணம். தங்கவயலின் கழிவு மேடுகளில் ஷீலைட் என்னும் டங்ஸ்டன் கனிமம் இருக்கிறது. அதுவும் புற ஊதா ஒளியில் நீலமாக மின்னும். புவியியலாளர்கள் இரவில் புற ஊதா விளக்கோடுதான் அதைத் தேடுவார்கள்.

இங்கே ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. கார் என்ஜின் கசிவைத் தொட்டால் கை அழுக்காகும், சூடாக இருந்தால் சுட்டுவிடும். புல்டோசர், ஜேசிபி போன்றவற்றின் ஹைட்ராலிக் குழாயில் ஊசித்துளை விழுந்திருந்தால் கதை வேறு. அங்கே அழுத்தம் கார் என்ஜினைப் போல ஐம்பது மடங்குக்கு மேல். கண்ணுக்கே தெரியாத அந்தப் பீறிடல் தோலைத் துளைத்து எண்ணெயை உடம்புக்குள் ஏற்றிவிடும். விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். அந்தத் தொழிலாளர்கள் அட்டையையோ மரத்துண்டையோ காட்டித்தான் கசிவைத் தேடுவார்கள். கையை ஒருபோதும் நீட்டமாட்டார்கள். அதேபோல், ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கும் காரின் கீழே பெரியவர்களே போகக்கூடாது. நீங்கள் போகவே கூடாது.

காருக்குக் கீழே விழும் எல்லாச் சொட்டும் என்ஜின் எண்ணெய் அல்ல. ஏசி போட்ட வண்டியிலிருந்து சொட்டுவது வெறும் தண்ணீர், கவலை வேண்டாம். பச்சையோ இளஞ்சிவப்போ என்றால் ரேடியேட்டர் கூலன்ட். இனிப்பு வாசம் வரும், ஆனால் விஷம். நாய், பூனை நக்காமல் உடனே கழுவிவிட வேண்டும். சிவப்பு என்றால் பெரும்பாலும் பவர் ஸ்டியரிங் எண்ணெய். சக்கரத்துக்குப் பக்கத்தில் வெளிர் மஞ்சளாக, தெளிவாக இருந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம். அந்த வண்டியை எடுக்கவே கூடாது. பழுப்பிலிருந்து கறுப்பு வரை, வழவழவென்று இருந்தால்தான் நம் ஆள், என்ஜின் ஆயில். டாஷ்போர்டில் சிவப்பு நிறத்தில் எண்ணெய்க் குடுவைப் படம் எரிந்தால், “வீட்டுக்குப் போயிடலாம்” என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஓரம் கட்டி என்ஜினை அணைக்கச் சொல்லுங்கள்.

வடித்து எடுத்த பழைய எண்ணெய் எங்கே போகிறது என்பதும் நம் கவலைதான். மழை நாளில் சாலையில் வானவில் நிறத்தில் ஒரு படலம் பார்த்திருப்பீர்களே, அது பெரும்பாலும் ஒரே ஒரு சொட்டுதான். ஒரு மில்லி மீட்டரில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமனுக்கு அது விரியும். அந்தக் கணக்கில் ஒரு சொட்டு ஓரடிச் சதுரத்தை மூடிவிடும். ஒரு காலன் கழிவு எண்ணெய் பத்து லட்சம் காலன் நல்ல நீரைக் கெடுக்கும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரிக்கிறது. தங்கவயலுக்கு வெகுகாலம் குடிநீர் தந்தது பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரி. அதே பாலாறுதான் கீழே வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று வருகிறது. சாக்கடையில் ஊற்றிய எண்ணெய்க்கு மாநில எல்லை தெரியாது. நம் நாட்டுச் சட்டப்படி பழைய என்ஜின் எண்ணெய் அபாயக் கழிவு. அதை டிரம்மில் சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பு ஆலைக்குக் கொடுக்க வேண்டும். சுத்தம் செய்தால் அது மறுபடி எண்ணெயாகப் பயன்படும்.

உங்கள் வீட்டில் கார் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சோதனை செய்யலாம். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு மாமாவிடம் கேளுங்கள். சனிக்கிழமை இரவு, நிறுத்திய வண்டிக்கு அடியில் ஒரு பெரிய வெள்ளை அட்டையைப் பெரியவர்களிடம் சொல்லித் தள்ளி வைக்கச் செய்யுங்கள். முன்சக்கரம் எங்கே வருகிறது என்று அட்டையில் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் எடுத்துப் பார்த்து, சொட்டு எந்த இடத்தில், என்ன நிறத்தில், எத்தனை என்று அதிலேயே எழுதுங்கள். ஒன்றுமே இல்லையென்றால் சந்தோஷம். ஏதாவது இருந்தால், ஒர்க்‌ஷாப்புக்கு வண்டி போகும்போது அந்த அட்டையையும் மறக்காமல் கொடுத்து அனுப்புங்கள். மெக்கானிக்குக்கு அரை மணி நேர வேலை மிச்சம்.